முதல் தண்ணீர்க் குளிர்விப்புக் கணினி: சிங்கப்பூரில் பாகங்கள் தேர்ந்தெடுப்போர் கேட்கும் கேள்விகள்

கணினியை ஒருமுறையாவது தாமே பூட்டிப் பழகி, அடுத்ததாகத் தண்ணீர் ஓடும் ஒன்றைக் கட்ட நினைப்பவர்களுக்கான பக்கம் இது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் குளிர்நாடுகளில் இருந்து எழுதப்பட்டவை. ஆண்டு முழுவதும் 30 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நம் ஊரில் அவற்றை அப்படியே பின்பற்றினால் பணம் தவறான இடத்துக்குப் போகும். அழகுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை ரேடியேட்டருக்கு மாற்றுங்கள் என்பதைத்தான் கீழே பல வடிவங்களில் சொல்லியிருக்கிறேன்.

கடையில் ஆயத்தமாக விற்கும் ஏஐஓ குளிர்விப்பான் போதாதா?

பலருக்குப் போதும். பம்பும் குழாயும் ரேடியேட்டரும் ஒன்றாகப் பூட்டி, தண்ணீர் அடைத்தே வருவதுதான் ஏஐஓ. விளையாட்டுக் கணினியில் அதிக வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசரின் வெப்ப அளவு 120 வாட். ஆர்டிஎக்ஸ் 5080 கிராஃபிக்ஸ் கார்டுக்கு அது 360 வாட், 5090க்கு 575 வாட். ஏஐஓ பிராசசரை மட்டுமே குளிர்விக்கிறது. சிறிய வெப்பத்துக்கு அது நல்ல தீர்வு, பெரிய வெப்பத்தை அது தொடுவதே இல்லை.

ஆகவே கிராஃபிக்ஸ் கார்டையும் லூப்புக்குள் (தண்ணீர் சுற்றிவரும் பாதைக்குள்) கொண்டுவரத் தயாராக இருந்தால் மட்டும் தனி லூப் கட்டுங்கள். பிராசசருக்கு மட்டும் பம்ப், தொட்டி, ரேடியேட்டர், ஃபிட்டிங் (குழாய் இணைப்பி) என்று செலவழிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நல்ல 360 மி.மீ. ஏஐஓ அதே வேலையை மிகக் குறைந்த விலையில் செய்துவிடும்.

தண்ணீர் ஓடினால் கணினி அறை வெப்பத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்குமா?

இருக்காது. ரேடியேட்டர் அறைக் காற்றுக்கு வெப்பத்தைக் கைமாற்றும் கருவி. எத்தனை ரேடியேட்டர் போட்டாலும் தண்ணீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. விளையாடும்போது தண்ணீர் அறையைவிட சுமார் 10 டிகிரி மேலே நின்றால் அது நல்ல லூப்.

இதை நம் வீடுகளில் வைத்துப் பார்ப்போம். குளிரூட்டி ஓடாத வீவக படுக்கையறையில் பிற்பகல் 31 டிகிரி என்றால் தண்ணீர் 41 டிகிரி. குளிரூட்டியை 25இல் வைத்தால் 35. ஐரோப்பிய விமர்சகர் 21 டிகிரி அறையில் அளந்து காட்டும் எண்ணுடன் உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். அவர் எண்ணில் பத்தைக் கூட்டிக்கொண்டால் நம் நிலைமை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தண்ணீர் வெப்பத்தை அழிப்பதில்லை, அறைக்குள்தான் கொட்டுகிறது. கணினி 600 வாட் இழுத்தால் அந்த 600 வாட்டும் உங்கள் அறையில்தான் சேரும். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் விளையாடினால் அறையே சூடாகி, தண்ணீரும் அதனுடன் சேர்ந்து ஏறும். பண்ட அறையாகப் பயன்படும் வீட்டுப் பாதுகாப்பறைக்குள் கணினியை வைத்துக் கம்பியை மட்டும் வெளியே கொண்டுவரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கனத்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட, காற்றோட்டம் குறைந்த அந்த அறை இதற்கு ஒத்துவராது.

எந்தப் பாகத்தை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கிராஃபிக்ஸ் கார்டை. அதற்கடுத்து அந்தக் கார்டுக்கான பிளாக் (சில்லின்மேல் உட்கார்ந்து அதன் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும் பாகம்), பிறகு பெட்டி, பிறகு ரேடியேட்டர், மற்றவை எல்லாம் கடைசியில். வண்ணக் குழாயையும் விளக்கையும் முதலில் வாங்கிவிட்டுக் கார்டைத் தேடுபவர்கள் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: அவர்கள் கார்டுக்குப் பிளாக் கிடைக்காது.

பிராசசர் பிளாக் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொதுவானது. ஏஎம்5, எல்ஜிஏ 1700, எல்ஜிஏ 1851 என்று பிராசசர் உட்காரும் சாக்கெட்டுக்கு ஏற்ற பிடிப்பு இருந்தால் பொருந்திவிடும். கிராஃபிக்ஸ் கார்டின் பிளாக் அப்படியல்ல. ஒரே 5080 சிப்பை வைத்து ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி சர்க்யூட் பலகை வடிவமைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே பலகை வேறுபடும். மின்தேக்கி ஒன்று இரண்டு மி.மீ. தள்ளி நின்றால்கூடப் பிளாக் உட்காராது.

எனவே கார்டுக்குப் பணம் கட்டுமுன் பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலைத் திறந்து, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் முழு மாடல் எண்ணுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஜெர்மனியின் ஆல்ஃபாகூல், ஸ்லோவேனியாவின் ஈகே, தைவானின் பிட்ஸ்பவர், சீனாவின் பைக்ஸ்கி, பாரோ ஆகியவை இங்குள்ளோர் அதிகம் பார்க்கும் பெயர்கள். அதிகம் விற்கும் மாடல்களுக்கு முதலில் பிளாக் வரும், அதிகம் விற்காதவற்றுக்கு வராமலே போகலாம். பிளாக் விற்பனையில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கார்டை வாங்குங்கள்.

கார்டைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடுமா?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பொதுவான விடை கிடையாது. கார்டின் திருகு ஒன்றின்மேல் ஒட்டுத்தாள் இருந்தால் எச்சரிக்கையாகுங்கள். வாங்கும் முன்பே உள்ளூர் விநியோகிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, குளிர்விப்பானை மாற்றினால் உத்தரவாதம் தொடருமா என்று எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். கடை முகப்பில் நிற்பவர் வாயால் சொல்லும் உறுதியை ஆறு மாதம் கழித்து யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

புதுக் கார்டை வாங்கியவுடன் பிரிக்காதீர்கள். அதன் சொந்த விசிறிகளுடனே சில வாரங்கள் ஓட்டுங்கள். கனமான விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்து, கோளாறு ஏதுமில்லை என்று தெரிந்த பின் பிளாக்குக்கு மாற்றுங்கள். பிரிக்கும்போது கழற்றும் குளிர்விப்பான், திருகுகள், வெப்பப் பட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டு மாடல் பெயர் எழுதி வையுங்கள். உத்தரவாதத்துக்கு அனுப்பவும் பின்னாளில் விற்கவும் அவை வேண்டும்.

பிளாக் பொருத்தும்போது வெப்பப் பட்டையின் தடிமனில் கவனம் வையுங்கள். கையேடு நினைவகச் சில்லுகளுக்கு 1 மி.மீ., மின்சீராக்கப் பகுதிக்கு 1.5 மி.மீ. என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அதை மாற்றாதீர்கள். தடித்த பட்டையை மெல்லியதன் இடத்தில் வைத்தால் பிளாக் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் இருக்கும் முக்கியச் சில்லுக்குச் சரியான தொடர்பு கிடைக்காது. திருகுகளைக் குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

எத்தனை ரேடியேட்டர் வேண்டும்?

பழைய கணக்கு ஒன்று உண்டு: குளிர்விக்க வேண்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு 120 மி.மீ. பகுதி (ஒரு விசிறி கொள்ளும் ரேடியேட்டர் இடம்), அதன்மேல் கூடுதலாக ஒன்று. பாகங்கள் குறைவாக மின்சாரம் இழுத்த காலத்துக் கணக்கு அது. இன்றைக்கு அதை மறந்துவிடலாம்.

விசிறிகள் மெதுவாகச் சுழல வேண்டும் என்றால் 100 வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. பகுதி என்று தொடங்குங்கள். நம் ஊருக்கு அதற்கு மேலும் ஒன்றிரண்டு பகுதிகள் இருந்தால் நல்லது. 9800எக்ஸ்3டியும் 5080உம் சேர்ந்த கணினிக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு. 5090 என்றால் மூன்று, அல்லது 420 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு. ஒரே ஒரு 360ஐ வைத்து இரண்டையும் குளிர்விக்கலாம், ஆனால் விசிறிகள் அலறும். அமைதிக்காகத்தான் இத்தனை பணம் செலவழிக்கிறோம் என்றால் அதற்கு அர்த்தமே இல்லை.

தடிமனைவிடப் பரப்பளவு முக்கியம். 30 மி.மீ. தடிமனுள்ள ரேடியேட்டர் இரண்டை வைக்க இடமிருந்தால் 60 மி.மீ. ஒன்றைவிட அதுவே மேல். தடித்த ரேடியேட்டருக்குக் காற்றைத் தள்ள விசிறி வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

அளவெடுக்கும்போது பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். 360 ரேடியேட்டர் என்பது மூன்று 120 விசிறிகளுக்கான இடத்தைக் குறிக்கிறது. இரு முனைகளிலும் உள்ள தண்ணீர் அறைகளையும் சேர்த்தால் நீளம் 400 மி.மீ.யை ஒட்டி வரும். 30 மி.மீ. ரேடியேட்டருடன் 25 மி.மீ. விசிறி சேர்ந்தால் 55 மி.மீ. பெட்டியின் மேல்பக்கம் அந்த 55 மி.மீ. மதர்போர்டின் வெப்பத்தகட்டையோ நினைவகக் குச்சியையோ இடிக்கிறதா என்று பாருங்கள். மூன்று 360 ரேடியேட்டர் கொள்ளும் லியன் லி ஓ11 டைனமிக் வகைப் பெட்டிகள் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இந்த இடவசதிதான் காரணம்.

புது ரேடியேட்டரைக் கழுவ வேண்டும் என்கிறார்களே?

கட்டாயம் கழுவ வேண்டும். பற்றவைத்தபோது உள்ளே தங்கிய கழிவு அப்படியே இருக்கும். பாதியளவு சூடான தண்ணீர் ஊற்றி, இரு வாய்களையும் அடைத்து, நன்றாகக் குலுக்கி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். கறுப்புத் தூளும் மினுமினுக்கும் ஈயத் துணுக்குகளும் அடியில் படியும். சில ரேடியேட்டர்களில் தண்ணீரே மங்கலான பச்சை நிறத்தில் வரும். கிண்ணத்தின் அடி சுத்தமாகத் தெரியும்வரை திரும்பத் திரும்பச் செய்து, கடைசி இரண்டு முறை வாலைவடித்த நீரால் அலசுங்கள். இதைத் தவிர்த்தால் அந்தத் துணுக்குகள் பிராசசர் பிளாக்கின் மயிரிழைக் கால்வாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

அலுமினிய ரேடியேட்டர் விலை குறைவாக இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். பிளாக்குகள் செம்பால் ஆனவை. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் கரையத் தொடங்கும். அரிப்புத் தடுப்பான் கலந்தால் வேகம் குறையும், நிற்காது. செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் பம்ப்? பாகங்களை எந்த வரிசையில் இணைப்பது?

டி5 வகைப் பம்ப் ஒன்று, தொட்டியுடன் சேர்ந்தே வருவது. முதல் லூப்புக்கு இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. டிடிசி வகை சிறிய பெட்டிக்கு நல்லது, ஆனால் கூடுதலாகச் சூடாகும். வேகத்தை மதர்போர்டிலிருந்து மாற்றும் வசதியுள்ள மாடலைப் பாருங்கள்.

வரிசையைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. ஒரு கணக்கு போட்டாலே தெளிவாகிவிடும். 500 வாட் வெப்பம், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டம் என்றால் லூப்பை ஒருமுறை சுற்றிவரும்போது தண்ணீர் மொத்தமாகவே இரண்டரை டிகிரிக்கும் குறைவாகத்தான் சூடேறுகிறது. எனவே கார்டு முதலா, பிராசசர் முதலா என்பதால் பெரிய வித்தியாசம் வராது. குழாய் எந்த வழியில் குறைவாக வளைகிறதோ அதுவே சரியான வரிசை. மாறாத விதி ஒன்றே ஒன்று: தொட்டியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிப் பம்புக்கு வர வேண்டும். வறண்டு ஓடும் பம்ப் விரைவில் பழுதாகிவிடும்.

மென்குழாயா, கடினக் குழாயா?

முதல் லூப்புக்கு மென்குழாய். கத்தியால் வெட்டலாம், அளவு தவறினால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம், கார்டை மாற்ற வேண்டிவந்தால் முழு லூப்பையும் கலைக்க வேண்டியதில்லை. கறுப்பு இபிடிஎம் ரப்பர் குழாயை விரும்பி வாங்குகிறேன். தெளிவான பிவிசி குழாயிலிருந்து நெகிழ்வுப்பொருள் கசிந்து தண்ணீரைக் கலங்கலாக்கி, பிளாக்கில் வெண்ணிறப் படலமாகப் படியக்கூடும். உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. கொண்ட குழாய் எளிதில் மடங்காது.

கடினக் குழாய்தான் வேண்டும் என்றால் பிஇடிஜி பிளாஸ்டிக்கைவிட அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுங்கள். பிஇடிஜி வளைக்க எளிது, ஆனால் தண்ணீர் 60 டிகிரியை நெருங்கினால் இளகி, ஃபிட்டிங்கிலிருந்து நழுவும் அபாயம் உண்டு. குளிர்நாட்டில் அந்த எல்லை எட்டாத தொலைவில் இருக்கிறது. நம் அறையில் விசிறிக் கட்டுப்பாடு பழுதானால் தூரம் பத்து டிகிரி குறைவு.

ஃபிட்டிங் எத்தனை வாங்க வேண்டும்?

ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு. இரண்டு ரேடியேட்டர், இரண்டு பிளாக், ஒரு பம்ப்-தொட்டி என்றால் பத்து. அதற்கு மேல் சுழலும் 90 டிகிரி முழங்கை நான்கு, கூடுதலாக ஓரிரு நேர் ஃபிட்டிங் வாங்கி வையுங்கள். திருகுமரை எல்லா நிறுவனங்களுக்கும் ஜி1/4 என்ற ஒரே தரம் என்பதால் கலந்து வாங்கலாம். குழாயின் உள், வெளி விட்டங்கள் மட்டும் ஃபிட்டிங்குடன் சரியாக ஒத்துப்போக வேண்டும்.

வடிகால் வால்வை விட்டுவிடாதீர்கள். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்றுவழி இணைப்பும் சிறு பந்து வால்வும் வையுங்கள். அது இல்லாத கணினியில் தண்ணீர் மாற்றுவது எப்படிப்பட்ட வேலை என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

குழாய்த் தண்ணீரையே குடிக்கிறோம். அதையே ஊற்றினால் என்ன?

பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீர் குடிக்க மிக நல்லது. ஆனால் அதில் கிருமி நீக்கும் குளோரமினும் பற்களுக்கான ஃபுளோரைடும் தாது உப்புகளும் இருக்கின்றன. சூடான செம்பின்மேல் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க அவை உகந்தவையல்ல. வடிகட்டியில் வரும் நீர், புட்டி நீர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வாலைவடித்த நீருடன் அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் கலந்த செறிவுக் கூலண்ட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது கலந்தே விற்கும் நிறமற்ற கூலண்டை வாங்குங்கள். பெரும்பாலான லூப்புகளுக்கு ஒரு லிட்டர் போதும், இரண்டு வாங்கி வைத்தால் அலசவும் உதவும். பால்போல் தெரியும் பேஸ்டல் வண்ணங்களையும் மின்னும் துகள் கலந்தவற்றையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றிலுள்ள திடத் துகள்கள் நாளடைவில் படிந்து பிளாக்கை அடைக்கும். நிறம் வேண்டுமானால் விளக்கில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் குழாய்மேல் நீர்த்துளி படியுமா?

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது படியாது. தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கிறது.

கவனிக்க வேண்டிய நேரம் வேறு. இரவெல்லாம் குளிரூட்டி 22 டிகிரியில் ஓடிய அறை. கணினி அணைந்திருக்கிறது. காலையில் குளிரூட்டியை நிறுத்தி ஜன்னலை அகலத் திறக்கிறோம், மழை பெய்த ஈரக்காற்று உள்ளே வருகிறது. குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல், பெட்டியின் கண்ணாடியிலும் உலோகத்திலும் மெல்லிய ஈரம் படியலாம். ஒரு லிட்டர் தண்ணீர் தன் குளிர்ச்சியை விட நேரம் எடுக்கும் என்பதால் லூப் உள்ள கணினியில் இது கொஞ்சம் கூடுதல் நேரம் நீடிக்கும். அரைமணி நேரம் விட்டு, தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்று தெரிந்த பின் கணினியை இயக்குங்கள்.

விசிறியின் வேகத்தை எதை வைத்துத் தீர்மானிப்பது?

தண்ணீரின் வெப்பநிலையை வைத்து. ஜி1/4 மரையில் திருகும் சிறு உணரி ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும். வாங்கும் பாகங்களிலேயே விலைக்கு அதிகப் பலன் தருவது இது என்பேன்.

பிராசசரின் வெப்பம் நொடியில் 20 டிகிரி ஏறி இறங்கும். விசிறிகள் அதைப் பின்தொடர்ந்தால் இணையப்பக்கம் திறக்கும்போதெல்லாம் இரைந்து அடங்கும். தண்ணீரோ மிக மெதுவாக ஏறும். 36 டிகிரிவரை மெல்லச் சுற்றட்டும், 42இல் நடுத்தர வேகம், 48ஐத் தாண்டினால் முழு வேகம் என்று அமைத்துப் பாருங்கள். குளிர்நாட்டவர் பதிவிடும் அட்டவணையில் முழு வேகம் 40இலேயே இருக்கும். அதைப் போட்டால் குளிரூட்டி இல்லாத பிற்பகலில் நம் விசிறிகள் ஓயாது. மதர்போர்டில் இரண்டு ஊசி கொண்ட வெப்ப உணரி இணைப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தனிக் கட்டுப்பாட்டுப் பலகை தேவைப்படும்.

பவர் சப்ளை?

5080க்கு 850 வாட், 5090க்கு 1,000 வாட் அல்லது அதற்கு மேல். புதிய 12வி-2x6 இணைப்பியைத் தானே கொண்ட மாடலாகப் பார்த்து, அதை முழுவதும் உள்ளே போகும்வரை அழுத்துங்கள். நீட்டிப்புப் பலகையில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கட்டும்.

எங்கே வாங்குவது?

பிராசசர், மதர்போர்டு, கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றை உத்தரவாதத்துக்காக உள்ளூரில் வாங்குங்கள். ரோச்சோர் எம்ஆர்டி பக்கத்திலுள்ள சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி விலை கேட்டு, எழுத்தில் வாங்கி ஒப்பிடலாம். பிளாக், ரேடியேட்டர், ஃபிட்டிங் பெரும்பாலும் இணையத்தில்தான். வெளிநாட்டு விலையைப் பார்க்கும்போது அனுப்புக் கட்டணத்துடன் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கூட்டுங்கள். 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் இந்த வரி பொருந்துகிறது. ஒரே இடத்தில் ஒரே முறையாக வாங்கினால் அனுப்புச் செலவு குறையும்.

கேரோசலில் பழைய பாகங்கள் நல்ல விலைக்கு வருகின்றன. ரேடியேட்டரும் ஃபிட்டிங்கும் துணிந்து வாங்கலாம், கசிவைத் தடுக்கும் ரப்பர் ஓ வளையங்களை மட்டும் புதிதாக மாற்றுங்கள். அக்ரிலிக் பிளாக்கைத் திருகுத் துளைகளைச் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முடிபோன்ற கீறல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பம்பை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கசிந்தால் எல்லாம் போய்விடுமே?

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தண்ணீர் ஊற்றுமுன் காற்றால் சோதிக்கிறோம். சிறு கைப்பம்பும் அளவியும் கொண்ட கசிவுச் சோதனைக் கருவி விலை அதிகமில்லை. காலி லூப்பில் அரை பார் அழுத்தம் ஏற்றி அரைமணி நேரம் பாருங்கள். முள் நகராமல் நின்றால் தண்ணீர் ஊற்றலாம். இறங்கினால் ஒவ்வொரு ஃபிட்டிங்காகத் தேடுங்கள், பெரும்பாலும் ஓ வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் நிரப்பும்போது பவர் சப்ளையின் 24 ஊசி இணைப்பியில் மதர்போர்டு இல்லாமலே அதை இயக்கும் தொடக்கி ஒன்றைச் செருகி, பம்பை மட்டும் ஓட்டுங்கள். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரமே போகக்கூடாது. தொட்டியில் நீர் இறங்க இறங்க நிறுத்தி ஊற்றி, பெட்டியை மெல்லச் சாய்த்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ஃபிட்டிங்குகளுக்கு அடியில் திசுத்தாள் வைத்துச் சில மணி நேரம் ஓடவிடுங்கள். தாளில் ஈரம் இல்லையென்றால் மற்ற கம்பிகளை இணைக்கலாம்.

பராமரிப்பு எப்படி?

கூலண்டை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கிய தண்ணீரைத் தெளிந்த புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் லூப்பின் நிலை தெரியும். தெளிவாக இருந்தால் புதிதாக நிரப்பினால் போதும். கலங்கியோ பச்சையாகவோ இருந்தால் பிளாக்கைத் திறந்து பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும்.

ரேடியேட்டரின் தூசியை மாதம் ஒருமுறை பாருங்கள். ஜன்னல் திறந்தே இருக்கும் வீடுகளில், குறிப்பாக விரைவுச்சாலையை ஒட்டிய புளோக்குகளில், விரைவில் படியும். புகைமூட்ட நாள்களுக்குப் பிறகு மாதம் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, தூசியைக் காற்றால் ஊதித் தள்ளுங்கள்.